ஸ்பானிய வினைச்சொல்லின் வரலாறு

புதிய மொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் முதலில் பெயர்ச்சொற்களைத் தேடிச் செல்வது இயல்பு. நீர், சோறு, வீடு, தெரு என்பவற்றுக்குரிய சொற்களை அறிந்த அளவிலேயே அம்மொழி கைவந்துவிட்டது போன்றதொரு மகிழ்ச்சி பிறக்கிறது. ஆயினும், யார் வந்தார், எப்பொழுது வந்தார், இனியும் வருவாரா என்று சொல்ல முற்படும்போதுதான், நாம் இன்னும் அம்மொழியின் வாயிற்படியிலேயே நின்றுகொண்டிருக்கிறோம் என்பது விளங்குகிறது. பெயர்ச்சொல் கடன் கொடுக்கவும் வாங்கவும் தக்க பொருள். வினைமுற்றோ குடும்பச் சொத்து. தமிழ் வீடுகளில் பஸ்ஸும் டிக்கெட்டும் ஸ்டேஷனும் தாராளமாக நுழைந்துவிட்டன. ஆனால் வந்தேன், வருகிறேன், வருவேன் என்னும் சொற்களின் ஈற்றில் நிற்கும் விகுதியை எந்த அயல்மொழியும் பெயர்த்துவிடவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வுண்மை நாள்தோறும் அனுபவமாகும். தில்லியிலோ மும்பையிலோ குடியேறிய தமிழர் காய்கறிகளின் பெயரை ஒரு திங்களில் கற்றுக்கொள்வர். இந்தியிலோ மராத்தியிலோ பால் பிறழாமலும் காலம் வழுவாமலும் வினைச்சொல்லை ஆள்வதற்கு ஆண்டுகள் சில செல்லும். ஆகவே, வினைச்சொல்லின் வரலாறு நமக்குத் தொலைவான செய்தியன்று. அவ்வரலாற்றைத் தெளிவாகக் காட்டும் மொழிகளுள் ஒன்று ஸ்பானிய மொழி. இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்குவதும், ஏறத்தாழ 50 கோடி மக்களுக்குத் தாய்மொழியாக இருப்பதுமான அம்மொழியின் ஒழுங்கான வினைகள் எவ்வாறு காலங்காட்டுகின்றன, அவ்வமைப்பு எங்கிருந்து வந்தது, அதனை ஏட்டில் ஏற்றியவர் யார், அதே ஆண்டில் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டோர் அதனை எவ்வாறு சுமந்து சென்றனர் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் அமைப்பைக் காண்போம். ஸ்பானிய வினைகள் எல்லாம், அகராதியில் காணப்படும் வடிவத்தில், ஆர், ஏர், ஈர் என்னும் மூன்று ஈறுகளுள் ஒன்றைப் பெற்றிருக்கும். 'அமார்' என்றால் அன்பு செய்தல், 'கொமேர்' என்றால் உண்ணுதல், 'பிபீர்' என்றால் வாழ்தல். ஈற்றைக் களைந்தால் எஞ்சுவது பகுதி. அப்பகுதியோடு காலமும் இடமும் எண்ணும் காட்டும் விகுதியைச் சேர்த்தால் வினைமுற்று ஆகிவிடும்.

அமார் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அழுத்தம் விழும் அசையை நெடிலாக எழுதினால், நிகழ்கால வடிவங்கள் ஆறும் இவ்வாறு அமையும்: நான் என்பதற்கு 'ஆமொ', நீ என்பதற்கு 'ஆமஸ்', அவன் அல்லது அவள் என்பதற்கு 'ஆம', நாங்கள் என்பதற்கு 'அமாமொஸ்', நீங்கள் என்பதற்கு 'அமாய்ஸ்', அவர்கள் என்பதற்கு 'ஆமன்'. இவற்றுள் எதற்கும் முன்னால் நான், நீ என்ற எழுவாயை வைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 'வந்தேன்' என்றாலே வந்தவர் தன்மை ஒருமை என்று நாம் அறிவதுபோல, 'ஆமொ' என்றாலே அன்பு செய்பவர் யார் என்பதை ஸ்பானியர் அறிவர். ஆங்கிலம் கற்றவர்க்குப் புதுமையாகத் தோன்றும் இவ்வியல்பு, தமிழ் கற்றவர்க்குப் பழகிய வழியே.

அழுத்தத்தின் அருமையையும் இங்கே உணரலாம். 'ஆமொ' என்று முதலசையை அழுத்தினால் 'அன்பு செய்கிறேன்' என்பது பொருள். 'அமோ' என்று ஈற்றசையை அழுத்தினால் 'அன்பு செய்தான்' என்பது பொருள். எழுத்துகள் அவையே, அழுத்தம் இடம் மாறியதும் காலமும் மாறிற்று, ஆளும் மாறினார்.

இறந்தகாலம் அம்மொழியில் இருவகைப்படும். ஒரு செயல் நடந்து முடிந்தது என்று சொல்வதற்கு ஒரு வாய்பாடு: அமே, அமாஸ்தெ, அமோ, அமாமொஸ், அமாஸ்தெய்ஸ், அமாரொன். ஒரு செயல் முன்பு வழக்கமாக நிகழ்ந்துவந்தது, அல்லது நிகழ்ந்துகொண்டிருந்தது என்று சொல்வதற்கு வேறொரு வாய்பாடு: 'அமாப', 'அமாபஸ்' என்று அது தொடங்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவது ஐரோப்பியர் பலர்க்கே இடர்ப்பாடு தருவதாகும். தமிழர்க்கு ஒரு துணை உண்டு. 'அன்று தாத்தா ஆற்றுக்குப் போனார்' என்று ஒரு நாள் நிகழ்ச்சியைச் சொல்லும் நாம், 'அந்தக் காலத்தில் தாத்தா நாள்தோறும் ஆற்றுக்குப் போவார்' என்று வழக்கத்தைச் சொல்லுகிறோம். போனார் என்னுமிடத்தில் ஸ்பானியர் முதல் வாய்பாட்டையும், போவார் என்னுமிடத்தில் இரண்டாம் வாய்பாட்டையும் ஆள்வர். நாம் எதிர்கால வடிவத்தைக் கடன் வாங்கிச் சொல்வதை அவர்கள் தனி வடிவமாகவே வைத்திருக்கிறார்கள் என்பதே வேற்றுமை.

இனி இவ்வமைப்பின் பிறப்பைக் காண்போம். ஸ்பானிய மொழி இலத்தீன் மொழியின் வழிவந்தது. ரோமானியப் படைவீரரும் வணிகரும் குடியேறியோரும் ஐபீரியத் தீபகற்பத்தில் பேசிய பேச்சு வழக்கே நாளடைவில் காஸ்டிலிய மொழியாகவும், பின்னர் ஸ்பானிய மொழி என்னும் பெயரோடும் வளர்ந்தது. இலத்தீனில் வினைகள் நான்கு வகுப்பாக இருந்தன. அவற்றுள் நடுவிலிருந்த இரண்டு வகுப்புகளும் ஐபீரிய மண்ணில் தம் வேற்றுமையை இழந்தன. மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த சொற்கள் சில ஏர் ஈற்றையும் சில ஈர் ஈற்றையும் அடைந்தன. வாழ்தலைக் குறிக்கும் 'பிபீர்' அவ்வாறு வகுப்பு மாறிய சொற்களுள் ஒன்று. நான்கு மூன்றாயின. இன்றும் ஏர், ஈர் வினைகளின் நிகழ்கால வடிவங்கள் இரண்டே இரண்டு இடங்களில், அதாவது தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும், வேறுபடுகின்றன. இறந்தகாலத்தில் அவை முற்றிலும் ஒன்றே. புதிதாக அம்மொழிக்குள் வரும் வினைகளோ பெரும்பாலும் ஆர் ஈற்றையே பெறுகின்றன. ஒரு வகுப்பின் கதவு திறந்தும் மற்றவற்றின் கதவு அடைத்தும் இருப்பது மொழி வரலாற்றில் அடிக்கடி காணும் காட்சி.

எதிர்காலத்தின் வரலாறு இன்னும் சுவையானது. இலத்தீனில் 'அன்பு செய்வான்' என்பது 'அமாபிட்'. 'அன்பு செய்தான்' என்பது 'அமாவிட்'. காலப்போக்கில் மக்கள் நாவில் உயிர்களுக்கிடையே நின்ற பகரமும் வகரமும் ஒன்றாயின. 'செய்வான்' என்பதற்கும் 'செய்தான்' என்பதற்கும் வேற்றுமை கேட்காவிட்டால், ஒப்பந்தம் என்ன ஆகும், வாக்குறுதி என்ன ஆகும்? மக்கள் வேறு வழி தேடினர். 'அன்பு செய்தல் எனக்கு உண்டு' என்னும் பொருள்பட, வினையின் அடிவடிவத்தோடு உடைமை குறிக்கும் 'அபேர்' என்னும் வினையைச் சேர்த்துச் சொல்லலாயினர். அபேர் வினையின் நிகழ்காலம் ஏ, ஆஸ், ஆ என்று தொடங்கும். அமார் என்பதனோடு இவை சேர, அமரே, அமராஸ், அமரா என்னும் எதிர்காலம் பிறந்தது. இன்றைய மாணவர் தனி விகுதிகள் என்று மனப்பாடம் செய்பவை, ஒருகாலத்தில் தனிச் சொற்களாக நடமாடியவையே. பழைய ஸ்பானிய நூல்களில் இவ்விரண்டுக்கும் இடையே 'அவனை', 'உனக்கு' என்னும் சிறு சொற்கள் புகுந்து நிற்பதைக் காணலாம். சுவரில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே இன்னும் பூச்சு இறுகாத நிலை அது.

உடைமை வினையின் பணி அத்தோடு நின்றுவிடவில்லை. 'நான் அன்பு செய்திருக்கிறேன்' என்பதற்கு 'ஏ அமாதொ' என்பர். நாம் 'வந்திருக்கிறேன்' என்னுமிடத்து 'இரு' என்னும் வினையைத் துணைக்கு அழைக்கிறோம். அவர்கள் 'உடையேன்' என்னும் வினையை அழைக்கிறார்கள். முடிந்த செயலை நாம் இருப்பாகக் கருதுகிறோம். அவர்கள் உடைமையாகக் கருதுகிறார்கள். இரண்டும் மனித மனம் கடந்த காலத்தை இன்றைய பொழுதோடு பிணைக்கும் வழிகளே.

இவ்வளவு செய்திகளும் மக்கள் நாவில் இருந்தனவேயன்றி ஏட்டில் இல்லை. இலக்கணம் என்றால் இலத்தீன் இலக்கணம் என்றே அந்நாளில் கற்றோர் கருதினர். தாய்ப்பாலோடு வந்த மொழிக்கு இலக்கணம் எதற்கு என்பதே பொதுக் கருத்தாக இருந்தது. அக்கருத்தை மாற்ற முனைந்தவர் அந்தோனியோ தெ நெப்ரிகா. செவில் நகரை அடுத்த லெப்ரிகா என்னும் ஊரிற் பிறந்து, சலமான்காவிலும் பின்னர் இத்தாலியில் பொலோன்யாவிலும் கல்வி பயின்று திரும்பிய அவர், 1481-ஆம் ஆண்டில் வெளியிட்ட இலத்தீன் பாடநூலால் புகழ் பெற்றார். 1492-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் சலமான்காவில் அவருடைய காஸ்டிலிய மொழி இலக்கணம் அச்சேறி வெளிவந்தது. இசபெல்லா அரசியாருக்கு அது காணிக்கையாக்கப்பட்டது.

அந்நூலின் முன்னுரையில் நெப்ரிகா ஒரு செய்தியைக் குறிக்கிறார். நூலின் மாதிரியைக் கண்ட அரசியார், இதனால் என்ன பயன் என்று வினவினாராம். உடனிருந்த ஆவிலா நகரத்து ஆயர், அரசியார் வெல்லப்போகும் அயன்மொழி மக்கள் வெற்றியாளரின் சட்டங்களையும் மொழியையும் ஏற்க வேண்டியிருக்கும், அப்போது இந்நூல் பயன்படும் என்று விடை பகர்ந்தாராம். மொழி எப்போதும் பேரரசின் துணையாகவே நடந்துவந்தது என்னும் கருத்தும் அம்முன்னுரையில் இடம்பெற்றது. ஆயினும், அன்று கொலம்பஸ் கடலில் இருந்தார். அமெரிக்கக் கரை அவர் கண்ணில் படவேயில்லை. ஆகவே நெப்ரிகா அமெரிக்காவை மனத்திற்கொண்டு அவ்வாறு எழுதினார் என்று கொள்வது பொருந்தாது. பாஸ்க்கு மக்களும் நவார நாட்டினரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இந்நூலால் பயன்பெறுவர் என்றே அவர் குறிப்பிடுகிறார். நூலின் ஐந்தாம் பகுதி, அயன்மொழியாளர் காஸ்டிலிய மொழியைக் கற்பதற்கென்றே வகுக்கப்பட்டது. எதிர்கால வடிவம் அடிவடிவமும் அபேர் வினையும் கூடிப் பிறந்தது என்பதையும் நெப்ரிகா கண்டு எழுதினார். இத்தகைய நூல் அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மறு அச்சு காணவில்லை. பேரரசு இலக்கண நூலின் துணையின்றியே பரவிற்று. மொழியும் பள்ளியைவிட வாழ்க்கையினாலேயே பரவிற்று.

ஆனால் நெப்ரிகாவின் இலத்தீன் இலக்கணம் வேறொரு வழியில் உலகைச் சுற்றியது. புதிய நாடுகளுக்குச் சென்ற துறவியர், அங்குள்ள மொழிகளை எழுதத் தொடங்கியபோது, தாம் பள்ளியிற் கற்ற இலத்தீன் வாய்பாட்டையே சட்டமாகக் கொண்டனர். மெக்சிகோவில் நாவாத்தில் மொழிக்கு 1547-லும், பெருவின் கெச்சுவா மொழிக்கு 1560-லும் இலக்கணங்கள் தோன்றின. இவ்விரண்டுக்கும் இடையில், 1549-ஆம் ஆண்டையொட்டி, நம் முத்துக்குளித்துறைக் கரையிலும் அத்தகைய நூல் ஒன்று உருவாயிற்று. போர்ச்சுகலிற் பிறந்து 1546-ல் இந்தியா வந்த அண்டிரீக் அடிகளார், தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். பிற்காலத்தில், 1578-ல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டவரும் அவரே. வந்தேன், வருகிறேன், வருவேன் என்னும் நம் வினைகளை அவர் இலத்தீன் வாய்பாட்டின் கட்டங்களில் அடுக்கிப் பார்த்தார். பல பொருந்தின, சில பொருந்தவில்லை. 'வாரான்', 'செய்யேன்' என்று காலமே காட்டாமல் மறுக்கும் வினைக்கு இலத்தீன் சட்டத்தில் இடமேது? ஒரு மொழியின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கும்போது மிஞ்சி நிற்பதே அம்மொழியின் தனித்தன்மை என்பதை அம்முயற்சி நமக்கு உணர்த்துகிறது. அண்டிரீக் அடிகளார் யூத மரபினின்று கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்தில் வந்தவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அக்குடும்பங்கள் மாறியதன் காரணத்தை ஆராய்ந்தால் மீண்டும் 1492-ஆம் ஆண்டை அணுகுகிறோம்.

அவ்வாண்டு சனவரித் திங்களில் கிரானடா வீழ்ந்தது. மார்ச் 31-ஆம் நாள் அரசரும் அரசியாரும் ஓர் ஆணை பிறப்பித்தனர். யூதர் யாவரும் ஞானஸ்நானம் பெற வேண்டும். அன்றேல் சூலைத் திங்கள் முடிவதற்குள் நாட்டைவிட்டு நீங்க வேண்டும். பல நூற்றாண்டுகள் அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் வீட்டையும் நிலத்தையும் கிடைத்த விலைக்கு விற்றுப் புறப்பட்டனர். பலர் அண்டை நாடாகிய போர்ச்சுகலில் புகுந்தனர். அங்கும் 1497-ல் கட்டாய மதமாற்றம் அவர்களைத் தொடர்ந்தது. பலர் துருக்கியச் சுல்தானின் ஆட்சிப் பகுதிகளை அடைந்து, சலோனிகா, இஸ்தான்புல் முதலிய நகரங்களிற் குடியேறினர். தங்கமும் வெள்ளியும் கொண்டுபோகலாகாது என்பது ஆணை. மொழிக்குச் சுங்கச் சாவடியில் தடையில்லை. நெப்ரிகாவின் இலக்கணம் அச்சகத்திலிருந்து வெளிவந்தபோது, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மக்களுள் ஒரு பகுதியினர் நாட்டின் எல்லையைக் கடந்துவிட்டிருந்தனர்.

இலக்கண நூலும் அரசின் ஆதரவும் இன்றியே அம்மக்கள் அம்மொழியை நானூறு ஆண்டுகளுக்கு மேல் காத்தனர். எபிரேய எழுத்தில் அதனை எழுதினர். திருமறை விளக்கமாகிய 'மேயாம் லோயஸ்' என்னும் பெருநூல் 1730-ல் இஸ்தான்புல்லில் அம்மொழியில் வெளிவரத் தொடங்கியது. தாலாட்டும் பழமொழியும் சமையற்கட்டுப் பேச்சும் அம்மொழியிலேயே நிகழ்ந்தன.

அவர்களுடைய வினைச்சொற்களை நோக்கினால், புறப்பட்ட நாள் அவற்றில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இன்றைய ஸ்பானியர் பெரியோரை 'உஸ்தெத்' என்று அழைத்துப் படர்க்கை வினையால் முடிப்பர். 'தங்கள் அருள்' என்னும் பொருளுடைய மரியாதைத் தொடர் சுருங்கி, பதினேழாம் நூற்றாண்டில் அச்சொல் உருப்பெற்றது. அதற்கு முன்னரே ஊரைவிட்டுப் போனவர்கள் அதனை அறியார். பழைய 'போஸ்' என்னும் சொல்லையே மரியாதைக்கு வழங்கினர். அதே 'போஸ்' அர்ஜென்டினாவில் நெருங்கிய நண்பரை அழைக்கும் சொல்லாக, 'நீ' என்னும் பொருளில், தனி வினைவடிவத்தோடு வாழ்கிறது. ஒரே சொல் கிழக்கே சென்று மரியாதையாயிற்று. மேற்கே சென்று உரிமையாயிற்று.

பழமையைக் காத்தவர்கள் புதுமையும் செய்தனர். 'பேசினேன்' என்பதற்கு ஸ்பெயினில் 'அப்லே' என்பர். இவர்களோ 'அவ்லீ' என்றனர். மற்ற இரு வகுப்பு வினைகள் தன்மை ஒருமையில் ஈகாரத்தால் முடிவதைக் கண்டு, ஆர் வினைக்கும் அதனையே வழங்கினர். பள்ளி ஆசிரியர் இதனைப் பிழை என்று அடித்திருப்பார். மொழியின் கண்கொண்டு நோக்கினால், அது உயிருள்ள மொழியின் அறிகுறி. செத்த மொழி மனப்பாடம் செய்யப்படும். உயிருள்ள மொழியே தன் விதியைத் தானே நீட்டிக்கொள்ளும். தஞ்சையில் குடியேறிய மராத்தியரின் மராத்தியும், மதுரைச் சௌராட்டிரரின் மொழியும் இவ்வாறே பழமையும் புதுமையும் கலந்து விளங்குவதை நம் நாட்டிலேயே காண்கிறோம்.

பின்னர் அம்மொழி ஏன் தளர்ந்தது? 1860-ல் பாரிசில் தோன்றிய யூதக் கல்விக் கழகம் ஒன்று, துருக்கியப் பேரரசின் நகரங்களில் பிரெஞ்சுப் பள்ளிகளை நிறுவியது. அப்பள்ளிகள் நன்மை பல செய்தன. ஆயினும் அங்குப் பயின்ற பிள்ளைகள் வீட்டு மொழியைச் சமையலறை மொழி என்று எண்ணத் தலைப்பட்டனர். கொடுங்கை ஒன்று எஞ்சியதையும் அழித்தது. 1943-ஆம் ஆண்டில் நாஜிகள் சலோனிகாவிலிருந்து 40,000-க்கும் மேற்பட்ட யூதரை ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பேசுவோர் அழிய, பேச்சும் அழிந்தது. ஸ்பானிய அரசு 2015-ல் சட்டம் இயற்றி, அன்று துரத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் குடியுரிமை பெற வழிசெய்தது. அதற்குள் 523 ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று அம்மொழி அழியும் நிலையிலுள்ள மொழிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதனைப் பேசுவோருள் பெரும்பாலோர் முதியோரே.

அழிவுக்கு முன் வந்த தளர்ச்சியின் வரிசையை நாம் நன்கு கருத வேண்டும். பாட்டனார் எல்லாக் காலங்களையும் எல்லா இடங்களையும் வழுவின்றி ஆண்டார். மகன் புரிந்துகொண்டு பிறமொழியில் விடையிறுத்தான். பேரனிடம் சில பண்டங்களின் பெயரும் சில வசைச் சொற்களும் மட்டுமே எஞ்சின. மொழி ஒரு குடும்பத்தைவிட்டு நீங்கும்போது பெயர்ச்சொல் இறுதிவரை தங்கும். வினைமுற்றே முதலில் விடைபெறும். நம் வீட்டுப் பிள்ளைகள் 'இட்லி' என்பதையும் 'தாத்தா' என்பதையும் மறந்துவிட்டார்களா என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. 'நேற்று என்ன செய்தாய், நாளை என்ன செய்வாய்' என்று கேட்டால், அவர்கள் எந்த மொழியின் விகுதியால் விடை கூறுகிறார்கள் என்பதையே கவனிக்க வேண்டும்.

இதனால் பிறமொழி கற்பதை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. தில்லியில் 2009 முதல் ஸ்பெயின் அரசின் செர்வான்டிஸ் நிலையம் அம்மொழியைக் கற்பித்து வருகிறது. பல்கலைக்கழகங்களிலும் அதனைப் பயிலலாம். ஆமொ, ஆமஸ், ஆம என்று அங்கே வாய்பாடு சொல்லும் தமிழ் இளைஞர், பகுதியும் விகுதியும் பிரித்தறியும் பயிற்சியைத் தம் மொழியிலேயே முன்னரே பெற்றிருப்பாராயின், பிறர் தயங்கும் இடங்களைத் தயங்காமல் கடப்பார். தாய்மொழி வினையைத் திருத்தமாக ஆள்பவர்க்கு அயன்மொழி வினை பகையன்று; சற்றே தொலைவில் வாழும் உறவினர்.

நெப்ரிகா அரசியாரிடம் கொடுத்தது நூல். சலோனிகாவின் தாய்மார் தம் மக்களிடம் கொடுத்தது நாளொன்றுக்கு நூறுமுறை காதில் விழும் 'வந்தாயா', 'உண்டாயா', 'உறங்குவாயா' என்னும் வினைகள். நூல் இருநூறு ஆண்டுகள் மறு அச்சின்றிக் கிடந்தது. தாய்மாரின் வினைகள் நானூறு ஆண்டுகள் வழங்கின. வெளியூரில் வாழும் நாம் நம் இல்லங்களில் எதைச் செய்ய இயலும் என்பதற்கு இவ்வரலாறே போதிய விடையாகும்.